எம்.பி. முகாமுக்குப் போவதும், முகாம் எம்.பி. ஆவதும்

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா நாடுகளில் வாழும் நம்மவர்களில் பலர் அப்படியொரு படத்தைப் பார்த்திருப்பார்கள். வீட்டுக் கதவைத் தட்டி வாக்குக் கேட்ட எம்.பி., தலையில் இரும்புத் தொப்பியும் உடம்பில் பச்சைச் சீருடையுமாகச் சேற்றில் முழங்கால் ஊன்றி நிற்பார். இராணுவத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு அதைப் பார்த்ததும் வயிறு கலங்கும். "இங்கேயும் தொடங்கிவிட்டார்களா?" என்று கேட்ட பெரியவர்களை எங்களுக்குத் தெரியும்.

அது ஆட்சிக் கவிழ்ப்பு அல்ல. சட்டம் இயற்றுகிறவர்கள் படைவாழ்க்கை எப்படி இருக்கிறது என்று நேரில் அறிந்துகொள்ள நடத்தப்படும் ஒரு திட்டம். நாங்கள் யாங்கோனுக்குத் தெற்கே த்வாண்டே பக்கத்துத் தமிழர்கள். எங்கள் நாட்டில் எம்.பி. முகாமுக்குப் போகவில்லை, முகாமே பாராளுமன்றத்துக்கு வந்து உட்கார்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிற சில விஷயங்களை இந்தப் பக்கத்தின் வாசகர்களுடன் பகிர நினைக்கிறோம். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கும் இதில் பாதி பழகிய கதையாகவே இருக்கும்.

முதலில் பிரித்தானியத் திட்டம். ஆங்கிலத்தில் ஆர்ம்ட் ஃபோர்ஸஸ் பார்லிமென்டரி ஸ்கீம் என்று பெயர். 1989இல் இதைத் தொடங்கியவர் சர் நீல் தோர்ன். அப்போது அவர் இல்ஃபோர்ட் சவுத் தொகுதியின் கன்சர்வேட்டிவ் எம்.பி. (இன்று இல்ஃபோர்டில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் எத்தனை என்று லண்டன்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர்களும், கட்டாய இராணுவ சேவை செய்தவர்களும் ஒரு காலத்தில் அந்தச் சபையை நிறைத்திருந்தார்கள். கட்டாய சேவை 1960களின் தொடக்கத்தில் முடிந்தது. அந்தத் தலைமுறை ஓய்வுபெறப் பெற, சிப்பாய் என்றால் யார் என்றே அறியாதவர்கள் அவனைப் போருக்கு அனுப்பக் கை தூக்கும் நிலை வந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த ஏற்பாடு.

எம்.பி.யோ பிரபுக்கள் சபை உறுப்பினரோ தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன்ஸ் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். ஆண்டில் ஏறக்குறைய பதினைந்து நாட்களை அவர்களோடு கழிப்பார். சீருடை அணிவார், அவர்கள் உண்பதை உண்பார், பயிற்சிக் களத்தில் அவர்களோடு இருப்பார். ஆனால் அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. யாருக்கும் கட்டளை இட முடியாது. சிப்பாயோடு தேநீர் குடிக்கும்போது, வீட்டுச் சுவரில் ஈரம் கசிவது பற்றியும், கணவன் வெளிநாட்டுப் பணியில் இருக்கும்போது மனைவி தனியாகப் படும் பாடு பற்றியும் அவர் கேட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்து சபையில் பாதுகாப்பு அமைச்சரைக் கேள்வி கேட்கலாம். திட்டத்தின் பயன் அந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது.

அவுஸ்திரேலியா 2001இல் இதைப்போல ஒன்றைத் தொடங்கியது. அங்கே எங்களுக்குப் பிடித்த அம்சம், அது இருவழிப் பாதை என்பது. எம்.பி. படையோடு சில நாள் இருப்பார். பிறகு படையைச் சேர்ந்த சிலர் பாராளுமன்றத்துக்கு வந்து எம்.பி.யின் அலுவலகத்தில் சில நாள் இருப்பார்கள். ஒரு சட்டமூலம் எப்படி உருவாகிறது, ஒரு தொகுதிக்காரரின் புகார் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்புவார்கள். வாக்களிக்க மாட்டார்கள்.

இந்தியாவில் வழி வேறு. அங்கே பிரதேச இராணுவம் என்ற பகுதிநேரப் படையில் எம்.பி. ஒருவர் அதிகாரியாகவே சேரலாம். சச்சின் பைலட் 2012இல் மத்திய அமைச்சராக இருந்தபோதே சேர்ந்தார். அனுராக் தாக்கூர் 2016இல் எம்.பி.யாக இருக்கும்போது சேர்ந்தார். இது ஒருவரின் விருப்பம், ஒருவரின் பெருமை. இதனால் சபைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் கொஞ்சம் மங்கல்தான்.

கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நல்ல காரியத்தைக் கேள்விப்பட்டாலும் "பணம் யார் கொடுக்கிறார்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். பிரித்தானியத் திட்டத்துக்கு ஆயுத நிறுவனங்கள் நன்கொடை கொடுத்து வந்தது பல ஆண்டுகளாக விமர்சிக்கப்பட்டது. விமானம் விற்கிறவன் செலவில் விமானப்படையைப் பார்த்துவிட்டு வருகிறவர், அந்த விமானத்தின் விலையைக் கேள்வி கேட்பாரா? நியாயமான சந்தேகம். இன்னொரு விமர்சனமும் உண்டு. எம்.பி. வருகிறார் என்றால் முகாம் பெருக்கிச் சுத்தமாக இருக்கும், சோறும் அன்று நன்றாக இருக்கும். பெண் பார்க்க வரும் நாளில் வீடு எப்படி இருக்குமோ அப்படி. இரண்டையும் ஏற்றுக்கொண்டாலும், முழுக்கப் பார்க்காததைவிட இப்படிப் பார்ப்பது மேல் என்பதே எங்கள் கணிப்பு. எங்கள் ஊர் அனுபவம் அப்படி நினைக்க வைக்கிறது.

இப்போது த்வாண்டேக்கு வருவோம்.

யாங்கோன் ஆற்றின் மறுகரை தாலா. அங்கிருந்து தென்மேற்கே போகும் சாலையில் த்வாண்டே. வெள்ளைக்காரன் காலத்தில் யாங்கோன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்க வெட்டிய கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. மண்பானைக்குப் பெயர் போன ஊர். சாலையில் இன்னும் தெற்கே போனால் கோமூ. 2012 இடைத்தேர்தலில் ஆங் சான் சூகி முதல்முறை வென்ற தொகுதி. நெல் வயலும் சேறும் கால்வாயுமான இந்தப் பகுதியில் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள்.

2008 மே 2, 3 தேதிகளில் நர்கீஸ் புயல் அடித்தது. ஐராவதி டெல்டாவில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர். த்வாண்டே, கோமூ, குன்ஜாங்கோன் எல்லாம் அடிபட்ட இடங்கள். அதற்கு முன்பே இராணுவ அரசு ஒரு புதிய அரசியலமைப்புக்கு வாக்கெடுப்புத் தேதி குறித்திருந்தது. நாட்டின் மற்ற பகுதிகளில் மே 10ஆம் தேதி, புயல் அடித்து ஒரு வாரமே ஓடியிருந்த வேளையில், வாக்கெடுப்பை நடத்தினார்கள். எங்களைப் போன்ற பாதிக்கப்பட்ட 47 நகரியங்களுக்கு மட்டும் மே 24 வரை ஒத்திவைத்தார்கள். அதற்குள் மே 15ஆம் தேதியே 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று முடிவை அறிவித்துவிட்டார்கள். கூரை இல்லாத வீட்டிலிருந்து போய், ஏற்கெனவே முடிந்துவிட்ட வாக்கெடுப்பில் த்வாண்டே மக்கள் வாக்களித்தார்கள்.

அவர்கள் வாக்களித்தது எதற்கு? கீழ்ச்சபையில் 440 இடங்கள். அதில் 330 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள். 110 பேரைப் படைத்தலைவர் நியமிப்பார். மேல்சபையில் 224 இடங்கள். அதில் 56 படைத்தலைவருடையவை. கூட்டினால் 664இல் 166. சரியாக நான்கில் ஒன்று.

அரசியலமைப்பின் முக்கியமான பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். 664இல் 75 சதவீதம் 498. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மொத்தமே 498 பேர்தான். அதாவது ஒருவர்கூட விடாமல் எல்லோரும் சேர்ந்து கை தூக்கினாலும் ஒரு வாக்குக் குறையும். அந்த ஒன்று சீருடை அணிந்தவரிடம் இருக்கும். இதை எழுதியவர் நல்ல கணக்கர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. 2015 ஜூனில் அந்த 75ஐ 70 ஆக்கும் திருத்தம் வந்தது, தோற்றது. 2020 மார்ச்சில் இராணுவத்தின் இடங்களைப் படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் வந்தது, அதுவும் தோற்றது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சிலர் அப்போது சொன்னார்கள்: படைக்காரர்கள் சபையில் இருப்பது நல்லதுதானே, படைவாழ்க்கையைப் பற்றி மற்ற உறுப்பினர்களுக்கு அவர்களிடமிருந்து தெரியவருமே, பழகப் பழகப் பயம் போகுமே என்று. நாங்களும் அதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள்தான். ஆனால் சபையில் நடந்தது என்ன? அவர்கள் சீருடையிலேயே ஒன்றாக உட்கார்ந்தார்கள், ஒன்றாக எழுந்தார்கள், ஒன்றாக வாக்களித்தார்கள். படைத்தலைவர் எந்த நேரமும் அவர்களை மாற்றலாம். 2012 இடைத்தேர்தலில் சூகியின் கட்சி சபைக்குள் வந்ததும் இளநிலை அதிகாரிகள் சிலரை எடுத்துவிட்டு மேல்நிலை அதிகாரிகளை அனுப்பினார்கள். 2016 ஏப்ரலில் சூகிக்கு அரச ஆலோசகர் பதவி தரும் சட்டமூலம் வந்தபோது கீழ்ச்சபையில் அத்தனை பேரும் எதிர்ப்புக் காட்ட எழுந்து நின்றார்கள். ஒரு சிப்பாயின் சம்பளம், சாப்பாடு, விடுமுறை, அவன் குடும்பம் இருக்கும் தகரக் கொட்டகை ஆகியவை பற்றிப் பேச அவர்கள் அனுப்பப்படவில்லை. தளபதியின் வாக்கைப் போட அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவுஸ்திரேலியாவில் சபைக்கு வரும் சிப்பாய் பார்த்துக் கற்றுக்கொண்டு திரும்புகிறான். நேபிடோவில் வந்தவர் பூட்டுச் சாவியோடு வந்தார்.

மறுபக்கம், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் முகாம் வாசலைத் தாண்ட முடியுமா? அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு, படை தொடர்பான அனைத்தையும் தானே நிர்வகிக்கவும் தானே தீர்க்கவும் படைக்கு உரிமை கொடுக்கிறது. பாதுகாப்பு, உள்நாடு, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சர்களைப் படைத்தலைவரே பெயர் குறித்துக் கொடுப்பார். அதோடு 2011 ஜனவரியில், புதிய பாராளுமன்றம் கூடவிருந்த வேளையில், சிறப்பு நிதிச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படைத்தலைவர் அந்த நிதியிலிருந்து செலவு செய்யலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வணிகவியல் பட்டம் பெற்ற எவரும் இதைப் படித்துவிட்டு ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். வவுச்சர் இல்லாத செலவு, தணிக்கை இல்லாத பேரேடு. அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் பணப் பிரச்சினை அல்ல. பர்மிய இராணுவம் வியாபாரமும் செய்கிறது. 1990இல் தொடங்கிய எம்.இ.எச்.எல்., பிறகு வந்த எம்.இ.சி. என்ற இரண்டு பெரிய நிறுவனக் குழுமங்கள் அதனிடம் இருக்கின்றன. ஐ.நா.வின் உண்மை கண்டறியும் குழு 2019இல் இவற்றைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. படையைவிட்டு ஓடிவந்த சிப்பாய்கள், தங்கள் சொற்பச் சம்பளத்தில் பிடித்தம் மேல் பிடித்தமாகப் போனதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு எம்.பி. பதினைந்து நாள் அந்த முகாமில் தங்கி ஒரு சிப்பாயின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்திருந்தால் போதும், எத்தனையோ கேள்விகள் அங்கேயே பிறந்திருக்கும். பையன்களை ரயில் நிலையத்திலும் சந்தையிலும் பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்ததும் அந்த வாசலுக்குப் பின்னால்தான் நடந்தது. சிறுவர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்துவதாக 2012 ஜூனில் ஐ.நா.வோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை வெளியே கொண்டுவந்தது பாராளுமன்றம் அல்ல. மனித உரிமை அமைப்புகளும் தப்பி வந்த பையன்களும்தான்.

எங்கள் குடும்பங்களை நேராகத் தொட்டது மக்கள் இராணுவ சேவைச் சட்டம். அதன் தேதியைப் பாருங்கள்: 2010 நவம்பர் 4. பொதுத் தேர்தல் நவம்பர் 7ஆம் தேதி. மூன்று நாள் பொறுத்திருந்தால் பெயருக்காவது ஒரு பாராளுமன்றம் வந்திருக்கும்; அதற்கு முன்பே இராணுவ அரசு தன் கையால் கையெழுத்துப் போட்டுவிட்டது. 18 முதல் 35 வயது ஆண்கள், 18 முதல் 27 வயதுப் பெண்கள், மருத்துவர், பொறியியலாளர் போன்ற தொழில் தெரிந்தவர்கள் என்றால் ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 35 வரை. இரண்டாண்டு சேவை, நெருக்கடிநிலை என்றால் ஐந்தாண்டு வரை. பிறகு அந்தச் சட்டம் அலமாரியில் கிடந்தது. 2011 முதல் 2021 வரை இரண்டு பாராளுமன்றங்கள் வந்து போயின. அதை எடுத்துக் கிழித்துப் போடவில்லை. சூகியின் கட்சிக்குச் சாதாரணச் சட்டங்களை மாற்றும் பெரும்பான்மை இருந்தது. ஒரு சட்டத்தை ரத்துச் செய்ய அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. தூங்குகிற நாயை ஏன் எழுப்ப வேண்டும் என்று இருந்துவிட்டார்கள் போலும். முகாமுக்குள் ஒருநாள் வாழ்ந்து பார்த்த உறுப்பினர்கள் ஒரு பத்துப் பேர் இருந்திருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம்.

2024 பெப்ரவரி 10ஆம் தேதி அந்த நாய் எழுந்தது. அப்போது பாராளுமன்றமே இல்லை. ஆண்டுக்கு 50,000 பேரை எடுப்போம் என்றார் இராணுவ அரசின் பேச்சாளர். மாண்டலே கடவுச்சீட்டு அலுவலகத்தில் நெரிசலில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். வட்டார நிர்வாகி வீட்டுப் பட்டியலை எடுத்துப் பெயர் குறித்தார். சில இடங்களில் சீட்டுக் குலுக்கினார்கள். பணம் இருந்தவர்கள் கொடுத்தார்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் இரவோடு இரவாகத் தாய்லாந்து எல்லைக்கு நடந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பர்மாவில் எம்.பி. ஆக வேண்டுமென்றால் தாய், தந்தை இருவரும் பிறக்கும்போதே உங்களுக்குக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இன்னும் முழுக் குடியுரிமை அட்டைக்கு அலைகிற தமிழர்கள் எத்தனையோ பேருக்கு அந்த வாசல் மூடியது. ஆனால் ராக்கைனில் குடியுரிமையே மறுக்கப்பட்ட ரோஹிங்யா இளைஞர்களைக்கூட 2024இல் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். சட்டம் இயற்ற ஒரு தகுதி, சாவதற்கு வேறொரு தகுதி.

ஈழத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. கொழும்புப் பாராளுமன்றத்தில் அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் கை தூக்கி நீட்டித்தவர்களில் எத்தனை பேர், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருப்பார்கள்? 2011 ஓகஸ்டில் அது முடிவுக்கு வரும்வரை ஏறக்குறைய ஒரு தலைமுறையே அந்தக் கைகளின் கீழ் வளர்ந்துவிட்டது.

பர்மாவின் எம்.பி.க்களுக்குப் படைவாழ்க்கையின் நேரடி அனுபவம் கடைசியில் கிடைத்தது. 2021 பெப்ரவரி 1ஆம் தேதி, புதிய பாராளுமன்றத்தின் முதல் கூட்டத்துக்காக நேபிடோ வந்து அரசு விடுதியில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் காலையில் கண் விழித்தபோது வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். சிலர் பிறகு எல்லைக் காடுகளுக்குப் போனார்கள். பாடகராக இருந்து எம்.பி. ஆன பியோ ஸெயா தோ இராணுவ நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2022 ஜூலையில் மூன்று பேரோடு தூக்கிலிடப்பட்டார். 2025 டிசம்பர் 28இல் தொடங்கிக் கட்டம் கட்டமாக நடத்திய தேர்தலும் அதே 2008 அரசியலமைப்பின்படிதான். 110ம் 56ம் அப்படியே இருக்கின்றன.

இனி, நாம் இப்போது வாழும் நாடுகளுக்கு. இங்கே எங்களுக்கு ஒரு கவலை இருக்கிறது. பதினைந்து நாள் பிரித்தானிய முகாமில் இருந்துவிட்டு வரும் எம்.பி. நல்ல மனதோடுதான் திரும்புகிறார். ஒழுங்கு, தோழமை, சூடான சாப்பாடு, புகார் சொல்ல ஒரு வழி. அவரிடம் போய் "இராணுவ சேவையிலிருந்து தப்பி வந்த பிள்ளை, புகலிடம் வேண்டும்" என்றால், "இரண்டு வருடம் இராணுவத்தில் இருந்தால் என்ன, பையனுக்கு நல்லதுதானே?" என்று நினைத்துவிடக் கூடும். அவர் பார்த்த இராணுவம் வேறு, நம் பிள்ளை தப்பிய இராணுவம் வேறு.

சட்டமும் இங்கே நமக்குச் சுலபமாக இல்லை. ஒரு நாடு தன் குடிமக்களைப் படைக்கு அழைப்பது மட்டுமே அகதி நிலைக்குக் காரணமாகாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2013 டிசம்பரில் வெளியிட்ட பத்தாவது வழிகாட்டி நெறி இதைப் பற்றியது. மனச்சாட்சிப்படி மறுப்பவருக்கு மாற்று வழி இல்லாதபோதும், அந்தப் படை போர்ச் சட்டங்களை மீறுகிறபோதும், சேவையின் நிலைமை மனிதத்தன்மை அற்றதாக இருக்கும்போதும் கோரிக்கைக்கு அடிப்படை உண்டு என்று அது சொல்கிறது. ஆகவே எம்.பி.யிடமோ வழக்கறிஞரிடமோ போகிற குடும்பங்கள், "பயமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தக் கூடாது. அழைப்புத் தாள் வந்திருந்தால் அதன் படம், வீட்டுப் பட்டியலின் நகல், எந்தத் தேதியில் யார் வந்து கேட்டார்கள் என்ற குறிப்பு, அதே வட்டாரத்திலிருந்து எடுக்கப்பட்ட பிள்ளைகள் எந்த முனைக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களிடமிருந்து கடைசியாக எப்போது அழைப்பு வந்தது என்பவற்றைத் தேதிவாரியாக, ஒரு ரொக்கப் புத்தகம் எழுதுவதுபோல எழுதிக் கொண்டுபோங்கள். பர்மிய மொழித் தாள்களுக்கு மொழிபெயர்ப்பை உடன் இணையுங்கள். உங்கள் எம்.பி. அந்தத் திட்டத்தில் முகாமுக்குப் போய் வந்தவர் என்றால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம். அங்கே சிப்பாய்க்குச் சம்பளத்தில் என்னென்ன பிடித்தம், வீட்டோடு பேச முடிகிறதா, சேவையை விட்டு விலக வழி இருக்கிறதா, தவறான கட்டளையை மறுத்தால் என்ன ஆகும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும், அதே நான்கு கேள்விகளுக்கும் நம் பக்கத்துப் பதில்களைத் தாளில் கொடுங்கள்.